கழுத்தளவுக்கு மேல் வளர்ந்த வேலி

"ஆயா, இது பெரிசா வளந்துட்டா மலை எங்க போவும்?"

பக்கத்து வீட்டு முன்னி பேகத்தின் பேத்தி உம்மே ஹானி என்னிடம் கேட்டது இது. அப்போது அவளுக்கு நான்கு வயதிருக்கும். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் மருதாணிக் குச்சிகளை வரிசையாக நட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை என் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு குச்சியாக எடுத்துக் கொடுத்தது. கேள்வியைக் கேட்டதும் முன்னி பேகம் சிரித்துவிட்டாள். மலை எங்கேயும் போகாது, அது அங்கேயேதான் இருக்கும் என்று பேத்திக்குச் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. குழந்தைகள் எதைக் கேட்டாலும் உட்காரவைத்துப் பதில் சொல்வது என் வழக்கம். அன்று கையெல்லாம் சேறாக இருந்தது.

இந்த விஷயத்தில் என்னை யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. வயதாகிவிட்டது, வெயில் தாங்கவில்லை என்று எல்லோரும் அவர்களாகவே பேசி முடித்துக்கொண்டார்கள். விசாரிக்காததை வலியப் போய்ச் சொல்வதால் யாருக்கு என்ன லாபம் என்றும் யோசித்தேன். ஆனால் மற்றவர்கள் என்னை மெச்சிக்கொண்டே இருக்கிறார்கள். "உங்களை மாதிரி யாரும்மா பாத்துப்பாங்க" என்கிறார்கள். தகுதியில்லாத பாராட்டை வாங்கி வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. அதனால் சொல்கிறேன்.

என் பெயர் அருணாதேவி. எங்கள் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் மனை போட்டு விற்ற இடத்தில் இருக்கிறது. என் கணவர் சகாதேவன் கட்டியது. அவர் போன பிறகு அந்த வீட்டில் நானும் அவருடைய அக்கா தங்கம்மாளும்தான் இருந்தோம். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ்பென்னாத்தூரில் கடலைக்காட்டில் வேலை செய்து தம்பியைப் படிக்கவைத்தவர். தம்பி வீடு கட்டியபோது அக்காவின் அறைக்கு மட்டும் தென்மேற்குப் பார்த்துப் பெரிய ஜன்னலாக வைத்தார். கட்டிலில் படுத்தபடியே முழு மலையும் தெரிய வேண்டும் என்று கொத்தனாரை ஒரு கட்டிலில் படுக்கவைத்து உயரம் பார்த்தார்.

குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்த பிறகு அண்ணி அந்தக் கட்டிலோடு தங்கிவிட்டார். என் மகன் பிரசாத் ஓசூரில் இருக்கிறான். அத்தையை நல்ல ஹோம் ஒன்றில் சேர்த்துவிட்டு நீ இங்கே வந்துவிடு என்று பலமுறை கூப்பிட்டான். நான் சம்மதிக்கவில்லை. வளர்த்தவரைக் கொண்டுபோய் அந்நியர்களிடம் தள்ளுவது பாவம் என்று அவனிடம் சொன்னேன். அதை மனதாரச் சொன்னேன். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணியை விட்டுவிட்டுப் போக எனக்கு வழி இருந்தது. நான் போகவில்லை.

வேலி வேண்டும் என்று கேட்டதும் அண்ணிதான்.

எங்களுக்கும் அந்த ஜன்னலுக்கு எதிரே இருந்த காலி மனைக்கும் நடுவே வெறும் கம்பி வேலிதான் இருந்தது. அந்த மனையில் ஒருவர் ஷீட் போட்டுச் சின்னதாக ஓட்டல் வைத்தார். கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களை நம்பி வைத்த ஓட்டல். கை கழுவுகிற குழாயை எங்கள் ஜன்னலைப் பார்த்து வைத்துவிட்டார்கள். சாப்பிட்டு வருகிறவர்கள் வாயைக் கொப்பளித்துக்கொண்டே நிமிர்ந்தால் அண்ணியின் கட்டில் தெரியும். ஜன்னலுக்குத் திரை போட்டுப் பார்த்தேன். காற்று வராமல் அண்ணிக்கு மூச்சு முட்டியது. ஒரு நாள் நான் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி சொன்னார்.

"திங்கக்கெழமையானா மனு குடுக்க வந்தவனெல்லாம் என் முதுகப் பாத்துட்டுப் போறான். எதனா ஒரு மறைப்பு வைம்மா அருணா."

தகரம் அடிக்கலாம் என்றேன். வெயில் பட்டுக் கண் கூசும் என்றார். முன்னி பேகம்தான் மருதாணி சொன்னாள். ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, பூத்தால் தெருவே மணக்கும் என்றாள். தன் தம்பி வீட்டு வேலியிலிருந்து ஒரு கட்டு குச்சியும் வெட்டிவந்து கொடுத்தாள். விரல் தடிமனில், சாய்வாக வெட்டிய குச்சிகள். மருதாணிக்குச் சிறுவயதில் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் அது மேலே ஓடாமல் அடியிலிருந்தே பக்கக் கிளை விட்டு நெருக்கமாக வரும். முதல் வருடம் இரண்டு முறை கிள்ளினேன். செடிக்கென்று தனியாகத் தண்ணீர் விடவில்லை. அண்ணியைத் துடைத்த தண்ணீர், அவர் துணி அலசிய தண்ணீர், எல்லாவற்றையும் வாளியில் எடுத்துப்போய் வேரில் ஊற்றுவேன். செடி நன்றாகப் பிடித்துக்கொண்டது.

கை கழுவ வருகிறவர்களின் பார்வையை மறைக்கக் கழுத்தளவு வேலி போதும். அடுத்த புரட்டாசிக்குள் அந்த உயரம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செடியில் கை வைக்கவில்லை.

இங்கே அண்ணியின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். காலையில் மலையைப் பார்க்காமல் அவர் பல்லில் தண்ணீர் படாது. மலையே சாமியான இந்த ஊரில் இப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு. பல பேர் மேகம் மூடிய நாளில் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் காபி குடித்துவிடுவார்கள். அண்ணி அப்படி இல்லை. மேகம் விலகும்வரை காத்திருப்பார். மதியமானாலும் காத்திருப்பார். பொழுது சாய்ந்துவிட்டால் அன்றைய நாள் போனது போனதுதான். படத்தைக் காட்டினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பிரசாத் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவில்லை. இரண்டு உயிரில் ஒன்றுகூட நிச்சயமில்லை என்ற நிலை. அண்ணி ஆஸ்பத்திரி வாசலில் மலையைப் பார்த்து நின்று, இரண்டையும் கொடு, நான் கண்ணை மூடும்வரை காலையில் உன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாராம். நானும் பிழைத்தேன், பிள்ளையும் பிழைத்தான்.

இதை அண்ணி ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. என் கணவர் சொன்னார். கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் சொன்னார்கள். அண்ணி மட்டும் சொல்லவில்லை. ஒரு முறையாவது சொல்லிக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன், அது அன்றோடு ஆறியிருக்கும். அவர் விடியற்காலையில் எழுவார், மலையைப் பார்ப்பார், சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பார். மடக் மடக் என்று தொண்டையில் தண்ணீர் இறங்கும். அடுப்படியில் நிற்கிற எனக்கு அது கேட்கும். நான் புதுப்புடவை கட்டிய நாளிலும் கேட்டது. என் கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலையிலும் கேட்டது. நான் உயிரோடு இருப்பது இவர் போட்ட பிச்சை என்று அந்தச் சத்தம் தினமும் எனக்குச் சொல்லியது. அதை நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவரை நிறுத்த வேண்டும் என்று நினைக்கவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு நயமாகவே கேட்டுப் பார்த்தேன். உடம்பு முடியவில்லை, மாத்திரை வேளைக்குப் போட வேண்டும், எனக்காக வைத்த வேண்டுதல்தானே, நானே சொல்கிறேன், விட்டுவிடுங்கள் அண்ணி என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கிட்டயா வெச்சேன், நீ விடச் சொல்றதுக்கு?"

அன்றைக்குத்தான் என் மனதில் அந்த எண்ணம் வந்தது. கெட்ட எண்ணம் இல்லை. மலை தெரியாமலே போய்விட்டால் அண்ணி என்ன செய்வார்? இரண்டு நாள் முரண்டு பிடிப்பார், தாகம் எடுக்கும், குடிப்பார். வேண்டுதல் தானாகக் கழன்றுவிடும். அவருக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. செடி தன்பாட்டுக்கு வளரும்.

அந்தக் கார்த்திகைக்கு வேலி மலையை முக்கால்வாசி மறைத்திருந்தது. தீபத்தன்று சாயங்காலம் அண்ணியைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். உச்சியில் தீபம் ஏற்றியதும் அண்ணி கை கூப்பிக்கொண்டு, வேலி மேலேயே யாரோ விளக்கு வைத்த மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இருவரும் சேர்ந்து கும்பிட்டோம்.

தை மாதத்தில் இன்னொரு தலையணை வைக்கவேண்டியதாயிற்று. அதை அண்ணி கேட்கவில்லை, நானே வைத்தேன். இலவம்பஞ்சுத் தலையணை, புதிதாக வாங்கியது. மாசியில் அதற்கு மேல் ஒரு போர்வையை மடித்து வைத்தேன். உச்சி மட்டும் தெரிந்தது. "கொஞ்சூண்டு தெரியுது, போதும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். பங்குனியில் அதுவும் போயிற்று.

வேலியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லி அண்ணி கேட்டார். ஆள் வரட்டும் அண்ணி, வெட்டிடலாம் என்றேன். அது பொய் இல்லை. ஆள் வந்திருந்தால் வெட்டியிருப்பான். நான் யாரையும் கூப்பிடவில்லை.

அதன் பிறகு அண்ணி காற்றுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். காற்று அடித்தால் கிளைகள் சாயும், இலை விலகும், நடுவில் ஒரு கணம் மலை தெரியும். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே கிடப்பார். சில நாள் பத்து மணிக்குக் காற்று வரும். சில நாள் மாலையில் வரும். நான் ஒவ்வொரு நாள் காலையிலும் பல் துலக்கப் பொடியும் சொம்பில் தண்ணீரும் காபியும் கொண்டுபோய் வைத்தேன். ஒரு நாளும் தவறவில்லை. ஆறிப்போன காபியை எடுத்துவந்து கொட்டிவிட்டுப் புதிதாகவும் போட்டுக் கொடுத்தேன். ஒரு முறை தொடர்ந்து காற்றே வரவில்லை; இரண்டாவது நாளில் அவர் குடித்துவிடுவார் என்று நினைத்தேன். குடிக்கவில்லை. மூன்றாவது நாள் காற்று வந்தது.

சித்திரை பிறந்ததும் முன்னி பேகம் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. மருதாணி இலை பறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். தாராளமாகப் பறித்துக்கொள், தெருப்பக்கம் தளிராக இருக்கிறது என்று சொன்னேன். அவள் ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னலுக்கு நேராக, மேல் கிளைகளை மொட்டையாக உருவிக்கொண்டு போனாள். ஒரு முறம் அளவுக்கு இடைவெளி. தெருப்பக்கத்தில் அவள் கையே வைக்கவில்லை. ஏன் அந்த இடத்தில் மட்டும் பறித்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் அடுப்படிக்கு அந்தச் சத்தம் கேட்டது. மடக் மடக் என்று இரண்டு சொம்புத் தண்ணீர். உள்ளே போனபோது அண்ணியின் முகம் தெளிந்திருந்தது. பாய் வீட்டுப் பெண் மகராசி, அவள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்திக்கொண்டிருந்தார். இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று பகல், அண்ணி தூங்கியதும், சணல் கயிறு எடுத்துக்கொண்டு போனேன். இடைவெளிக்கு இரண்டு பக்கமும் இருந்த நீளமான கிளைகளை இழுத்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினேன். கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று ஜன்னல் பக்கம் வந்து பார்த்தேன். ஒரு இடத்தில் தெரிந்தது. திரும்பப் போய் அதையும் கட்டினேன். இந்த விஷயத்தில் நான் என் கையால் செய்த காரியம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் செடி செய்தது.

கல்யாணம் முடிந்து வந்த முன்னி பேகம் கயிற்றைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா அருணாக்கா, கயிறு யாரு கட்டுனது?"

"நாந்தான். கிளை சாயுது."

கிளை சாயத்தான் செய்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "தங்கம்மா பெரிம்மாவத் தெனமும் காலைல நானும் அர்பாசும் வாசலுக்குத் தூக்கினு வந்து காமிச்சிட்டுப் போறோங்க்கா. ரெண்டு நிமிஷ வேலை" என்றாள். சொன்னபடி மறுநாளே மகனை அழைத்துவந்து தூக்கினாள். அண்ணி வாசலில் மலையைப் பார்த்தார், குடித்தார். அர்பாஸ், "பாட்டிம்மா, வெயிட்டே இல்ல நீங்க, பூ மாதிரி கீறீங்க" என்றான். அண்ணி, "பூவா? சருகுடா" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் வேலையை விட்டுவிட்டுத் தினமும் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைப்பவள் நான். அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று முன்னி பேகத்திடம் சொன்னேன். டாக்டர் சொன்னது உண்மை. இடுப்பு முறிந்த புதிதில் சொன்னார். எப்போது சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

பிறகு கத்திரி வெயில் தொடங்கியது. காற்றே இல்லை. இலை அசையாது. ஓட்டல்காரர்கூட அடுப்பைப் பின்பக்கம் மாற்றிவிட்டார். அண்ணியின் உதடு வெடித்தது. நான் வெண்ணெய் தடவினேன். ஈரத்துணியால் முகம் துடைத்தேன், விசிறினேன், இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தேன். முதுகில் ஒரு புண் வரவில்லை. டாக்டர் வந்து, தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு குளுக்கோஸ் ஏற்றினார். ஊசி வழியாகப் போவது வேண்டுதலில் சேராது என்று அண்ணி அவருக்கே விளக்கம் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னபோது இந்த ஜன்னலை விட்டு வரமாட்டேன் என்றார். நான் வற்புறுத்தவில்லை. பெரியவர்களின் விருப்பத்துக்கு மாறாக நான் நடந்ததில்லை. மறுநாள் நரம்பு கிடைக்கவில்லை என்று ஊசியையும் எடுத்துவிட்டார்கள்.

அண்ணிக்குத் தெரிந்ததா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கடுத்த நாள், பேச்சு குழறத் தொடங்குவதற்கு முன்பு, வெகுநேரம் வேலியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நல்லா அடச்சி வளத்துருக்கம்மா. இனிமே மலைக்கே என்னத் தெரியாது."

குரலில் கோபம் இல்லை. அந்தக் குரலை வைத்துத்தான் சொல்கிறேன், அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கத்தரி உள் அலமாரியில் இருந்தது. அன்றைக்கு வெட்டியிருந்தாலும் போதும். வெட்டவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்று குடித்துவிடுவார் என்று அன்றும் நினைத்தேன். அல்லது நினைத்ததாக இப்போது நினைக்கிறேன். எப்படி இருந்தாலும் ஒன்றுதான். என் உயிருக்காகத் தாகம் தாங்கிய ஒரு மனுஷியை, சொம்பில் தண்ணீரை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே, தாகத்தால் சாகவிட்டேன். வேலி வளர்த்துச் சாகவிட்டேன்.

கடைசி நாள் காலை. முன்னி பேகம் டாக்டரை அழைத்துவரப் போயிருந்தாள். வீட்டில் நானும் அண்ணியும் மட்டும். அவர் கண் திறந்திருந்தது, பாவை அசையவில்லை. ஜன்னல் எங்கே, சுவர் எங்கே என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு காதருகே குனிந்தேன்.

"அண்ணி, மலை தெரியுது. மேகமே இல்ல. உச்சி வரைக்கும் நல்லாத் தெரியுது."

கையைக் கூப்பப் பார்த்தார். விரல்கள் சேரவில்லை, நான் சேர்த்துவைத்தேன். வாயைத் திறந்தார். கரண்டியால் தண்ணீர் விட்டேன். மடக்கென்று இறங்கியது. இன்னும் என்பது போல உதட்டை அசைத்தார். இன்னும் விட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்தார். அவர் தொண்டையில் என் விரலை வைத்திருந்தேன், ஒவ்வொரு மடக்கும் விரலில் தெரிந்தது. டாக்டர் வருவதற்குள் அடங்கிவிட்டார்.

என் பிரசவ நாளிலிருந்து அவருக்குப் பட்டிருந்த கடனை, ஒரு சாட்சியும் இல்லாத அந்த அறையில், அந்தத் தண்ணீரோடு தீர்த்தேன். மனம் லேசாக இருந்தது. தெரிகிறது என்ற அந்த ஒரு வார்த்தையைப் பங்குனியிலேயே சொல்லியிருக்கலாமே, வயதான கண்தானே, நம்பியிருப்பாரே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாத மலையைத் தெரிகிறது என்று பொய் சொல்வது பாவம் அல்லவா.